கண்மாய் கணக்கெடுக்க ஊருக்குப் போகத்தான் வேண்டுமா?

வாசகர் ஒருவர், 9 நவம்பர் 2024

பத்து மீட்டர் துல்லியத்தில், ஐந்து நாளுக்கு ஒரு முறை, செயற்கைக்கோள் படம் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ்நாட்டின் 39 ஆயிரத்துச் சொச்சம் ஏரி, கண்மாய்களை ஒரே ராத்திரியில் கணினியிலேயே எண்ணிவிடலாம். எது உயிரோடு இருக்கிறது, எது செத்துப்போனது என்று பட்டியல் போட இன்னும் எதற்கு ஆள் அனுப்பி, ஜீப் அனுப்பி, நோட்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்?

9 நவம்பர் 2024, இரவு 10.40

பாதி சம்மதம்.

நான் புவியியலில் ஆய்வு மாணவி, மூன்றாம் ஆண்டு. சிவகங்கை மாவட்டத்துக் கண்மாய்கள் நாற்பது வருஷத்தில் எப்படி மாறியிருக்கின்றன என்பது தலைப்பு. நீங்கள் சொல்கிற வேலையைத்தான் முதல் வருஷம் முழுக்க அறையில் உட்கார்ந்து செய்தேன். ஒரு ராத்திரியில் முடியாது, ஒரு வாரத்தில் முடியும். லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்களை அமெரிக்கா 2008இல் இலவசமாகத் திறந்துவிட்டது. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள் 2015இல் வந்தது. கூகுள் எர்த் எஞ்சின் என்ற இணையத் தளத்தில் படத்தைத் தரவிறக்கக்கூட வேண்டாம், கணக்கை அங்கேயே போட்டு விடையை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பழைய மடிக்கணினியே போதும்.

கணக்கும் எளிது. அண்மை அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும், பச்சை ஒளியைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். பச்சையிலிருந்து அகச்சிவப்பைக் கழித்து, இரண்டையும் கூட்டிய தொகையால் வகுத்தால் வருகிற எண் பூஜ்யத்துக்கு மேலே போனால் தண்ணீர். மெக்ஃபீட்டர்ஸ் 1996இல் சொன்னது. இன்றைக்கும் எல்லாரும் அதிலிருந்துதான் ஆரம்பிக்கிறோம்.

துல்லியத்தை நம் கணக்கில் சொன்னால், சென்டினல் படத்தின் ஒரு கட்டம் (பிக்சல்) ஏறக்குறைய இரண்டரை சென்ட். லேண்ட்சாட்டின் ஒரு கட்டம் 22 சென்ட். 40 ஏக்கர் கண்மாய்க்கு சென்டினலில் 1,600 கட்டம், லேண்ட்சாட்டில் 180. தாராளம். சின்ன ஊருணி லேண்ட்சாட்டில் ஒரு கட்டத்துக்குத் தேறினாலே அதிகம்.

மீதிப் பாதி ஏன் சம்மதமில்லை என்பதை நாளைக்கு எழுதுகிறேன். அது நான் செய்த தவறு, கொஞ்சம் நீளமானது.

10 நவம்பர் 2024

முதல் வருஷக் கடைசியில் என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. கண்மாய் பெயர், பரப்பு, கடைசியாகத் தண்ணீர் தெரிந்த ஆண்டு. பத்து வருஷமாகத் தண்ணீரே தெரியாதவற்றுக்கு எதிரில் “பயன்பாட்டில் இல்லை” என்று போட்டேன். ஒரு அலுவலகத்தில் கேட்டார்கள், கொடுத்தேன். என் வேலை யாருக்கோ பயன்படுகிறது என்று அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் பட்டியலில் இருந்த ஒரு கண்மாய், காளையார்கோவில் பக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்த வருஷம் தை மாதம் வேறு வேலையாக அந்த வழியே போனபோது கரையில் ஏறிப் பார்த்தேன். உள்வாய், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் நிற்கும் இடம், முழுக்க ஒரே பச்சை மரம். படத்தில் பார்த்தது அப்படியே இருந்தது. படம் எடுத்துக்கொண்டு இறங்கப் போனேன். மடையடியில் உட்கார்ந்திருந்த பெரியவர், எழுபதுக்கு மேல் இருக்கும், என்ன ஏது என்று விசாரித்தார். சொன்னேன்.

“யாரு தாயி சொன்னது தண்ணி இல்லைன்னு? மரத்துக்குக் கீழ குனிஞ்சு பாரு.”

குனிந்து பார்த்தேன். மரத்தடியெல்லாம் தண்ணீர். அடிமரம் முழங்கால் அளவுக்கு முங்கி நிற்கிறது, கலங்கல் கூட இல்லை, தெளிந்த தண்ணீர். இரண்டு மடையான் கொக்கு கிளையிலிருந்து எழுந்து போனது. நான் நின்ற இடத்துக்குப் பின்னாலேயே மடை திறந்து வயலுக்குப் பாய்ந்துகொண்டிருந்தது. பாய்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் “பயன்பாட்டில் இல்லாத” கண்மாயைப் படம் எடுத்திருக்கிறேன்.

மேலேயிருந்து பார்க்கிற செயற்கைக்கோளுக்கு இலைதான் தெரியும். இலை அகச்சிவப்பைப் பளிச்சென்று திருப்பி அனுப்பும். சூத்திரம் அதைத் தண்ணீர் இல்லை என்று சொல்லிவிட்டது. சூத்திரத்தின் மேல் தப்பே இல்லை, அந்த எண்ணுக்கு எதிரில் “பயன்பாட்டில் இல்லை” என்று தமிழில் எழுதியது நான்.

10 நவம்பர் 2024, சற்று நேரம் கழித்து

பட்டியலைத் திரும்ப வாங்கினீர்களா என்று கேட்டிருக்கிறீர்கள். மறு வாரமே கடிதம் எழுதிக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். பழைய பட்டியலின் நகல் எத்தனை மேசைக்குப் போயிற்று என்பது தெரியாது. கண்மாய் “செத்துவிட்டது” என்று தாளில் ஏறிவிட்டால் அந்த இடத்தில் கட்டடம் கட்டலாமா என்ற பேச்சு எவ்வளவு சீக்கிரம் வரும் என்று நம் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் இதை விலாவாரியாக எழுதுகிறேன்.

13 நவம்பர் 2024

திருத்தம் ஒன்று. தண்ணீரைக் கண்டுபிடிக்க அண்மை அகச்சிவப்புக்குப் பதில் குற்றலை அகச்சிவப்பு என்ற இன்னொரு பட்டையைப் போடலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, “அதுவும் பத்து மீட்டர்தான், போடலாம்” என்று அவசரத்தில் சொல்லிவிட்டேன். சென்டினல்-2இல் அந்தப் பட்டை 20 மீட்டர். அந்தச் சூத்திரத்துக்கு வேண்டிய இரண்டு பட்டையில் பச்சை மட்டும்தான் 10. ஹான்சியூ ஷூ 2006இல் கொடுத்த திருத்திய சூத்திரம் அது. எங்கள் ஊர்க் கண்மாய்களுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது, முக்கியமாகப் புது வெள்ளத்தில். ஐப்பசி மழையில் வருகிற தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு டீ மாதிரி வரும். அந்தக் கலங்கல் அகச்சிவப்பைக் கொஞ்சம் திருப்பி அனுப்பிவிடுவதால் பழைய சூத்திரம் சில சமயம் தண்ணீரைத் தரை என்று சொல்லிவிடும். புதியது அந்த இடத்தில் ஏமாறுவது குறைவு.

மரத்தடித் தண்ணீரில் இரண்டுமே ஏமாறும்.

14 நவம்பர் 2024

இன்னொன்று விட்டுப்போனது. நமக்குக் கண்மாய் நிரம்புவது வடகிழக்குப் பருவமழையில். அதே மூன்று மாதம்தான் வானம் மூடிக் கிடக்கும். ஐந்து நாளுக்கு ஒரு படம் என்பது கணக்குக்குத்தான். போன வருஷம் கார்த்திகை முழுக்க எனக்குப் பார்க்கிற மாதிரி வந்தது இரண்டு படம். 2003 மே மாதம் லேண்ட்சாட் 7இல் ஒரு கருவி பழுதாகி, அதற்கப்புறம் வந்த படம் எல்லாம் கோடுகோடாக, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வெற்றிடம். நாற்பது வருஷத் தரவு என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த நாற்பது வருஷத்தில் எத்தனை கார்த்திகை நம் கையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் வயிறு கலங்கும்.

2 டிசம்பர் 2024

ரேடார் இருக்கிறதே என்று மூன்று பேர் கேட்டாயிற்று. இருக்கிறது. சென்டினல்-1, 2014இலிருந்து. மேகத்தைத் தாண்டும், இரவிலும் பார்க்கும். அமைதியான தண்ணீர் கண்ணாடி மாதிரி, ரேடார் அலையை வேறு பக்கம் தள்ளிவிடும், அதனால் படத்தில் கறுப்பாகத் தெரியும். மரம் தண்ணீரில் நின்றால் நேர் எதிர். அலை தண்ணீரில் பட்டு, அடிமரத்தில் பட்டு, வந்த வழியே திரும்பும். அந்த இடம் சுற்றியிருப்பதைவிடப் பளிச்சென்று இருக்கும்.

அந்தக் கண்மாயின் படத்தை எடுத்துப் போட்டேன். ஓரத்தில் மரம் கலைந்து நிற்கும் இடத்தில் அப்படியே பளிச். அன்றைக்கு அறையில் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். நடுவில் மரம் அடர்ந்த இடத்தில் ஒன்றும் இல்லை. சென்டினல்-1 அலையின் நீளம் ஐந்தரைச் சென்டிமீட்டர் சொச்சம், நம் மூன்று விரற்கடை. அது இலையிலும் சிறு கிளையிலும் பட்டே திரும்பிவிடுகிறது. தண்ணீர் வரைக்கும் இறங்க நீளமான அலை வேண்டும்.

8 டிசம்பர் 2024

ஊருக்குப் போய் வந்தேன். பெரியவர் நீர்ப்பாய்ச்சி. அப்பாவும் நீர்ப்பாய்ச்சி. எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்பது இன்னமும் அவர் வாய்ச்சொல்தான். தண்ணீர் அளவை மீட்டரில் கேட்டால் சிரிக்கிறார். “மூணாங்கல்லு முங்கியிருக்கு” என்பார். மடைத்தூணின் கல் அடுக்கைத்தான் சொல்கிறார். நான் டேப் வைத்து ஒவ்வொரு கல்லையும் அளந்து, மூணாங்கல் என்றால் மடை வாசற்படியிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று எழுதிக்கொண்டேன். பிறகு தூணில் மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டேன். கோடு போட்டு முடித்ததும் தடவிப் பார்த்துவிட்டு, “கல்லையே அளவா வச்சுத்தான் கட்டியிருக்கான் தாயி, நீ கோடு வேற போடுற” என்றார். என் நோட்டில் பார்த்தால் அடுக்குகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். அவர் சொன்னது சரி.

அவரிடம் ஒரு உதவி கேட்டேன். சென்டினல்-2 நம் தலைக்கு மேல் காலை பதினொரு மணியை ஒட்டிப் போகும். போகிற தேதிகளை ஒரு காலண்டர் தாளில் வட்டம் போட்டுக் கொடுத்தேன். அந்த நாட்களில் எத்தனையாவது கல் என்று பார்த்து எனக்குப் போன் பண்ண வேண்டும். அவ்வளவுதான்.

முதல் வட்டத்தன்று நானே கரையில் இருந்தேன். இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்தும் பார்த்தோம். “அது நம்மளப் பாக்குமா?” என்று கேட்டார். ஒரு கட்டம் இரண்டரை சென்ட், ஆள் தெரியாது என்றேன். “அப்ப சரி” என்று மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிடாமல் அப்படியே நின்றார்.

9 டிசம்பர் 2024

எதற்காக இந்தக் கல் கணக்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கண்மாயின் கொள்ளளவு தெரிய வேண்டும். ஒவ்வொரு படத்திலும் தண்ணீர் விளிம்பு ஒரு கோடு. அன்றைக்கு மட்டம் எத்தனை என்று தெரிந்துவிட்டால் அந்த விளிம்பு ஒரு சமமட்டக் கோடாக மாறிவிடும். தண்ணீர் இறங்க இறங்கக் கோடு உள்ளே உள்ளே போகும். சித்திரை வரை பத்துக் கோடு சேர்ந்தால் கண்மாயின் அடிவயிறு எப்படி இருக்கிறது என்று வரைந்துவிடலாம். மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கினால், ஒரு ஹெக்டேருக்கு 1,000 கன மீட்டர் போயிருக்கிறது.

மரம் இருக்கும் பக்கத்தில் விளிம்பு தெரியாதே என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், தெரியாது. அந்தப் பக்கத்தை நடந்துதான் குறிக்கிறேன். முழங்கால் தண்ணீரில் ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

19 ஜனவரி 2025

டிரோன் விட்டுப் பார்த்தோம். 2021 விதிகளின்படி பச்சை மண்டலத்தில், அதாவது முன் அனுமதி தேவைப்படாத வான்பகுதியில், 400 அடி வரை பறக்கவிடலாம். எங்கள் இடம் பச்சைதான். இதே வேலையைத் தோழி ஒருத்தி ராமநாதபுரத்தில் செய்கிறாள். உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருப்பதால் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் வரைபடம் பார்த்து, அனுமதி பார்த்து என்று பாதி நாள் போகிறது.

தரையில் அடையாளத்துக்குச் சுண்ணாம்பில் பெருக்கல் குறி போட்டோம், கரை நெடுக எட்டு. அதன் இடத்தையும் உயரத்தையும் டிஜிபிஎஸ் (இன்னும் துல்லியமான ஜிபிஎஸ்) வைத்து அளந்தோம். மூன்றாவது குறிக்குப் போவதற்குள் முதல் குறியில் ஆடு படுத்துக்கொண்டது. மேய்த்த அக்கா ஓடி வந்து ஓட்டிவிட்டு, எங்களோடு சேர்ந்து அவரும் கடைசிக் குறி வரை வந்தார். அவர் சொல்லித்தான் தெரிந்தது, தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் இப்போது கண்மாய்க்குள் வருகிற இடம் பழைய இடம் இல்லை, ரோடு போட்டபோது பாலத்தைத் தள்ளிக் கட்டிவிட்டார்கள். இரண்டு வருஷமாக அந்த வரத்துக்காலைப் படத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

டிரோன் படம் அழகாக வந்தது. இலை இலையாக எண்ணலாம். ஆனால் உயரக் கணக்கில் வருவது மரத்தின் உச்சி, கண்மாயின் தரை இல்லை. தண்ணீர்ப் பரப்பின் மேல் கணினிக்குப் பிடித்துக்கொள்ள அடையாளமே கிடைக்காமல் அங்கங்கே ஓட்டை. கரையும், மிகுந்த தண்ணீர் வழிந்து போகும் கலுங்கும் மட்டும் சென்டிமீட்டர் துல்லியத்தில் கிடைத்தது. கலுங்கின் தலைமட்டம் கிடைத்ததே பெரிது. கண்மாய் எவ்வளவு நிறையலாம் என்பதை முடிவு செய்வது அதுதான்.

22 ஜனவரி 2025

பெரிய திருத்தம். இந்தக் கண்மாயில் நிற்கிற மரமெல்லாம் “சீமைக்கருவேலம்” என்றே நினைத்திருந்தேன், ஆய்வுக் குறிப்பிலும் அப்படித்தான் எழுதியிருந்தேன். டிரோன் படத்தைப் பெரியவருக்குக் காட்டினேன். கையால் மறைத்துக்கொண்டு, “இந்தா இதுதான் சீமை. அது நம்ம கருவ” என்றார். நேரில் போய்ப் பார்த்தோம். கரையோரத்திலும் வரத்துக்கால் வாயிலும்தான் சீமைக்கருவேலம், வைக்கோல் நிறத்தில் நீளக் காய், பூ கதிர் மாதிரி. நடு உள்வாயில் நிற்பது நாட்டுக்கருவேலம், மணி கோத்த மாதிரி அங்கங்கே இடுங்கிய காய், பூ மஞ்சள் உருண்டை. வனத்துறை சமூகக் காடுகள் திட்டத்தில் கண்மாய்களில் நட்ட மரம். தண்ணீரில் நிற்பது அதற்குப் பழக்கம்.

அறையில் உட்கார்ந்து இரண்டையும் ஒரே பச்சையாகப் பார்த்திருக்கிறேன். 2017இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஜேசிபி போகாத கண்மாய் இல்லை. என் வரைபடத்தை யாராவது கையில் வைத்துக்கொண்டு போயிருந்தால் நாட்டுக்கருவேலத்தையும் சேர்த்துத்தான் பிடுங்கியிருப்பார்கள். இந்த நினைப்பு இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

6 பிப்ரவரி 2025

ஏஐ ஏன் பயன்படுத்தவில்லை?

பயன்படுத்தினேன். ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினிக் கற்றல் முறை. தண்ணீர், மரம், வயல், தரிசு என்று புள்ளிகளைக் குறித்துக் கொடுத்தால் மற்றதை அது கற்றுக்கொள்ளும். முதல் தடவை துல்லியம் 94 விழுக்காடு வந்தது. கருத்தரங்கில் வாசித்துக் கைதட்டும் வாங்கினேன். நெறியாளர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: சோதனைப் புள்ளிகளை எங்கிருந்து எடுத்தாய்? நான் கற்றுக்கொடுத்த புள்ளியும் சோதித்த புள்ளியும் ஒரே திரையில், ஒரே படத்தின் மேல், பக்கத்தில் பக்கத்தில் நான் சொடுக்கியது. மரத்தடித் தண்ணீரை மரம் என்று சொல்லிக்கொடுத்து, மரம் என்று அது திருப்பிச் சொன்னதும் சரி என்று மார்க் போட்டிருக்கிறேன்.

நடந்து எடுத்த புள்ளிகளை வைத்துச் சோதித்தபோது 71. இந்த எண்ணைத்தான் ஆய்வேட்டில் போடப்போகிறேன். குறைவாக இருக்கிறதே, வேண்டாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போடுவேன்.

7 பிப்ரவரி 2025

ஐரோப்பிய ஆணையத்தின் கூட்டு ஆய்வு மையம் 2016இல் வெளியிட்ட உலக நீர்ப்பரப்பு வரைபடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா என்கிறார் ஒருவர். 1984 முதல் லேண்ட்சாட் படம் அத்தனையையும் அலசிச் செய்தது, பெரிய வேலை. அதிலும் எங்கள் கண்மாய் மூன்று நான்கு கட்டம் மட்டும் வெளிர்நீலம். செடிகொடி மூடிய தண்ணீர் அதற்கும் தெரியாது.

15 மார்ச் 2025

மரம் வருவதற்கு முன்னால் கண்மாய் எப்படி இருந்தது? இதற்கு அமெரிக்காவின் கொரோனா உளவுப் படங்கள்தான் வழி. நோய் இல்லை, செயற்கைக்கோளின் பெயர். 1960 முதல் 1972 வரை. பிலிமில் எடுத்து, பிலிம் சுருளைப் பாராசூட்டில் இறக்கி, விமானம் நடுவானில் கொக்கி போட்டுப் பிடித்தது. 1995இல் ரகசியம் நீக்கினார்கள். கடைசி வகைக் கேமராவில் ஆறடிப் பொருள்வரை தெரியும். கறுப்பு வெள்ளைதான்.

அகலவாக்கில் சுழன்று எடுக்கிற கேமரா என்பதால் படம் ஓரத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். இன்றைய வரைபடத்தோடு பொருத்த, அன்றும் இன்றும் இடம் மாறாத புள்ளிகள் வேண்டும். ரோடு மாறிவிட்டது. வீடு மாறிவிட்டது. மாறாதது கோயில், கலுங்கு, கரை முடுக்கு. காளையார்கோவிலில் மருது சகோதரர்கள் கட்டிய ராஜகோபுரம் படத்தில் நிழலோடு தெரிந்தது. அதைத்தான் முதல் புள்ளியாக வைத்தேன்.

அந்தப் பழைய படத்தில் கண்மாய் பளிங்கு மாதிரி இருக்கிறது. உள்வாயில் ஒரு மரம் இல்லை. கரைக்கு வெளியே வாய்க்கால்கள் மெல்லிய கறுப்புக் கோடாகப் போகின்றன. எண்ணிப் பார்த்தேன். நான்கு.

இன்றைக்குக் கரையில் இருப்பது மூன்று மடை.

16 மார்ச் 2025

நான்காவது கோடு வண்டிப்பாதையாக இருக்கலாம், பிலிமில் விழுந்த கீறலாக இருக்கலாம் என்கிறீர்கள். இருக்கலாம். பக்கத்துச் சுருளில் அதே இடத்தை மறுபடி பார்த்தேன். அங்கும் இருக்கிறது. கீறல் இல்லை. பாதையா வாய்க்காலா என்று சொல்ல முடியவில்லை.

2 ஏப்ரல் 2025

கொஞ்சம் தடம் மாறுகிறேன், சென்னை நண்பர் கேட்டதற்காக. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு. ஏரி எங்கே என்று கேட்டால் தி.நகரைக் காட்ட வேண்டும். லாங் டேங்க் என்ற நீண்ட ஏரியின் மேல் 1920களில் எழுந்த பகுதி. வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரியில். இவற்றுக்குச் செயற்கைக்கோள் பயன்படாது, காலம் பிந்திவிட்டது. பழைய நில அளவைத் தாள்தான் பார்க்க வேண்டும். பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை. பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளுரு என்ற, பூமியின் வடிவத்துக்கான பழைய அளவைக் கொண்டு வரைந்தவை, இன்றைய ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூ.ஜி.எஸ் 84 என்ற வேறு அளவு. மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றைப் போட்டால் ஏரிக்கரை தள்ளிப் போய் நிற்கும், ஆக்கிரமிக்காதவர் வீடு ஏரிக்குள் வந்துவிடும். ஒரு வீட்டுக்காரர் இப்படி ஒரு வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுததைப் பார்த்திருக்கிறேன்.

11 மே 2025

கோடுகள் சேர்ந்துவிட்டன. பத்து எதிர்பார்த்தேன், எட்டு. இரண்டு வட்டத்தன்று மேகம். எட்டு நாளும் பெரியவர் போன் பண்ணினார். ஒரு நாள் மட்டும் பேத்தி பேசினாள், “தாத்தாவுக்குக் காய்ச்சல், நான் போய்ப் பார்த்தேன் அக்கா, ரெண்டாங்கல்லுக்கு ஒரு சாண் மேலே.” சாணில் சொன்னதால் மறுவாரம் போனபோது அவள் கையை விரிக்கச் சொல்லி அளந்துகொண்டேன். 17 சென்டிமீட்டர்.

என் முதல் வருஷக் கொள்ளளவுக் கணக்கு தப்பு என்பது இப்போது தெளிவாகிவிட்டது. அன்றைக்கு நாசாவின் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவை வைத்துப் போட்டேன். அது 2000 பிப்ரவரியில் விண்ணோடத்திலிருந்து 11 நாளில் அளந்தது. எங்கள் கண்மாயின் ஆழமே ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல். அந்தத் தரவின் பிழையே சில மீட்டர். அதோடு, பிப்ரவரி என்றால் தை, மாசி. நல்ல மழை பெய்த வருஷம் என்றால் தண்ணீர் நிற்கும் மாதம். ரேடார் அளந்தது தரையையா தண்ணீரையா?

பெரியவரிடம் கேட்டேன், 2000இல் கண்மாய் எப்படி இருந்தது என்று. ஆண்டு சொன்னால் அவருக்குப் பிடிபடவில்லை. கடைசி மகளுக்குச் சடங்கு வைத்த வருஷத்தை வைத்து எண்ணிக்கொண்டு வந்து, “அந்தத் தைக்குக் கலுங்கு பாஞ்சு ஓடிக்கிட்டிருந்துச்சு” என்றார். சடங்குப் பத்திரிகை டிரங்குப் பெட்டியில் இருந்தது. தேதி பார்த்தோம். பொருந்துகிறது.

தண்ணீரின் தலையை அளந்து தரை என்று வைத்துக் கொள்ளளவு போட்டிருக்கிறேன். அந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

3 ஆகஸ்ட் 2025

நிசார் ரேடார் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போய்விட்டது! ஜூலை 30, ஸ்ரீஹரிகோட்டா, ஜிஎஸ்எல்வி எஃப்16. இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்தது. இரண்டு அலை. அதில் எல் பட்டையின் நீளம் 24 சென்டிமீட்டர். நம் கணக்கில் ஒரு சாண், வளர்ந்த ஆளின் சாண். மூன்று விரற்கடை அலை இலையோடு திரும்பிவிடும் என்று டிசம்பரில் எழுதினேனே, இது இலையை விட்டுவிட்டு அடிமரம் வரை இறங்கும். 12 நாளுக்கு ஒரு முறை அதே இடத்துக்கு வரும். தரவு கைக்கு வந்ததும் முதலில் பார்க்கப்போவது அந்த நாட்டுக்கருவேலங்காட்டைத்தான்.

முதலில் கேட்ட நண்பருக்கு: ஊருக்குப் போகாமல் மரத்தடித் தண்ணீரை எண்ணும் நாள் வரலாம், நானும் அதற்காகத்தான் காத்திருக்கிறேன். வந்தாலும் அது சரியாக எண்ணுகிறதா என்று பார்க்க யாராவது மரத்துக்குக் கீழே குனிய வேண்டும்.

14 செப்டம்பர் 2025

கண்மாய் காய்ந்துவிட்டது. பெரியவருக்கு வரைபடம் ஒன்று அச்சடித்துக் கொண்டுபோனேன், பெரிய தாளில். கரையில் விரித்து நாலு பக்கமும் கல் வைத்தோம். விரலால் தடவிக்கொண்டே போனார். பெரிய மடை, நடு மடை, கடை மடை என்று பெயர் சொல்லச் சொல்ல எழுதினேன். நடு மடைக்கும் கடை மடைக்கும் நடுவில் விரல் நின்றது.

“இங்க பள்ள மடை எங்க?”

பள்ள மடை என்று ஒன்று இருக்கிறதா என்றேன். எழுந்து நடந்தார். கரைமேல் நிற்கும் ஒத்தப் பனையிலிருந்து கிழக்கே தப்படி எண்ணினார். நாற்பத்தி எட்டில் நின்று, உள்சரிவில் கம்பால் குத்தினார். மூன்றாவது குத்தில் கல் சத்தம் கேட்டது. அவர் அப்பா காலத்திலேயே மண்மூடி, பிறகு கரை உயர்த்தியபோது புதைந்துவிட்டதாம். அவரே தண்ணீர் பாயப் பார்த்ததில்லை, சின்ன வயதில் அப்பா இடத்தை மட்டும் காட்டியிருக்கிறார்.

கையால் மண்ணைத் தள்ளினோம். கருங்கல் பலகை, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வட்டத் துளை, சேறு அடைத்துக்கொண்டு. டிஜிபிஎஸ் வைத்துப் புள்ளி எடுத்தேன். ராத்திரி அறைக்கு வந்து கொரோனா படத்தின் மேல் போட்டேன். நான்காவது கோடு தொடங்கும் இடத்துக்கு நாலு மீட்டர் தள்ளி விழுந்தது. அந்தப் படத்தைப் பொருத்தியதில் எனக்கு இருக்கும் பிழையே அதைவிட அதிகம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஊரில் ஆறு பேர் மண்வெட்டியோடு வருகிறார்கள். மழைக்கு முன்னால் துளையைத் திறந்து பார்த்துவிட வேண்டும் என்கிறார் பெரியவர். தண்ணீர் போகிறதா என்று எழுதுகிறேன்.